புள்ளிகளைக் குறைத்தால் வாய்க்கால் காணாமல் போகிறது, என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் வரைஞர்:

வணக்கம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, சின்னக் குளம் ஒன்றின் கட்டுக்குக் கீழே 4 ஏக்கர் காணியில் முன்பள்ளி ஒன்றுக்குப் படம் வரைகிறேன். ட்ரோனில் எடுத்த அளவைத் தரவு கைக்கு வந்துவிட்டது. 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக உயரத்தோடு கூடிய புள்ளிகள், மொத்தம் 60 இலட்சத்துக்கு மேல். ஸ்கெச்சப் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளில் இறக்கினால் லப்டொப் அசையாமல் நின்றுவிடுகிறது.

சரி என்று 2 மீற்றருக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தேன். 4,000 புள்ளிதான் மிஞ்சியது, உடனே திறந்தது. ஆனால் குளத்து நீரைத் திறந்துவிடும் துருசிலிருந்து கிழக்கு எல்லையோடு வரும் வாய்க்காலைக் காணவில்லை. அகலம் 60 சென்ரிமீற்றர், ஆழம் 40. குளக்கட்டின் விளிம்பு வாள்பல் போல இருக்கிறது. அப்புறம் 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் சமவுயரக் கோடு எடுத்து அதிலிருந்து நிலத்தை எழுப்பிப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி வருகிறது. 150 மீற்றர் நீளத்துக்கு இந்தக் காணியின் சரிவே 1.1 மீற்றர்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் தென்கிழக்கு மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாகப் பக்கத்துக் காணி ஐயா நேரே கூட்டிப்போய்க் காட்டினார். என் மாதிரியில் அந்த மூலை றோட்டைவிட உயரமாக இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைகள் நடமாடப்போகும் இடம். தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைப் பிழையாகக் காட்டும் மாதிரியை வைத்துக்கொண்டு கட்டடத்தை எங்கே வைப்பது?

கிளி வரைகலை:

சிவில் 3டி என்ற பொறியியல் வரைதல் மென்பொருள் இருந்தால் மேற்பரப்பைச் சுருக்கும் கட்டளை உள்ளேயே இருக்கிறது. எத்தனை வீதம் புள்ளியை எடுக்க வேண்டும் என்று கொடுத்தால் தானே செய்துவிடும். சமவுயரக் கோட்டை மென்மையாக்கியும் பாருங்கள்.

வவுனியா வரைபலகை:

தம்பி, மென்மையாக்குவது வேறு, சுருக்குவது வேறு. கோட்டை வளைத்து அழகாக்கினால் அது நிலத்தை விட்டு நகர்ந்துவிடும். மலைநாட்டில் அரை மீற்றர் நகர்ந்தால் ஒருவருக்கும் தெரியாது. வன்னியில் 20 சென்ரிமீற்றர் பிசகினாலே தண்ணீர் மற்றப் பக்கம் ஓடும்.

ஒட்டுசுட்டான் வரைஞருக்கு: முதலில் அந்தத் தென்கிழக்கு மூலை. அங்கே ஈச்சம் பற்றை நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள். ட்ரோன் படத்திலிருந்து எடுத்த புள்ளி பற்றையின் தலையில்தான் இருக்கும், அடிநிலத்தில் இருக்காது. நீங்கள் நிலத்தைப் பிரிக்காமலே புள்ளியைக் குறைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கிளவுட்கொம்பேர் என்ற புள்ளிக்கூட்ட மென்பொருள் இலவசம். அதில் சி.எஸ்.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புள்ளிக் கூட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே ஒரு துணியைப் போர்த்துவது போலக் கணக்குப் போடும். துணி படிகிற இடம் நிலம், மற்றது மரமும் பற்றையும். எங்கள் நிலம் தட்டைதானே என்று 'தட்டை நிலம்' என்பதைத் தெரிவு செய்யாதீர்கள். துணி விறைப்பாகி, குளக்கட்டையும் நிலமல்ல என்று வெட்டிவிடக்கூடும். நடுத்தர மேடுபள்ளத்துக்கான தெரிவைப் போடுங்கள். பற்றை அடர்த்தியாக நின்றால் அடிநிலப் புள்ளியே இருக்காது. அப்போது அளவையாளரைக் கூப்பிட்டு ரோட்டல் ஸ்ரேஷன் என்ற அளவைக் கருவியால் அந்த மூலையில் 15, 20 இடத்தில் மட்டம், அதாவது நில உயரம், எடுப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்தது, எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைக்காதீர்கள். 60 சென்ரிமீற்றர் வாய்க்கால் 2 மீற்றர் கண்ணுள்ள வலையில் எப்படி அகப்படும்? நிலம் மடியும் இடங்களில் எல்லாம் உங்கள் கையாலேயே கோடு போடுங்கள். குளக்கட்டின் மேல் விளிம்பு இரண்டு, அடி விளிம்பு இரண்டு, வாய்க்காலின் இரு கரை, அதன் அடி, றோட்டு ஓரம். கோட்டின் ஒவ்வொரு முனைக்கும் மட்டம் இருக்க வேண்டும். மென்பொருள் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துத்தான் நிலத்தை எழுப்பும். இவற்றை மடிப்புக்கோடாகக் கொடுத்தால் முக்கோணம் எதுவும் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டாது. பிறகு நடுவிலுள்ள வெறும் தரையில் 5 மீற்றருக்கு ஒரு புள்ளி தாராளம். 4 ஏக்கருக்கு எல்லாம் சேர்த்து 2,000 புள்ளிக்குள் முடிந்துவிடும்.

உங்கள் படிக்கட்டுக்குக் காரணம், ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையும் ஒரே சமவுயரக் கோட்டில் விழுவது. மூன்றும் ஒரே உயரம் என்றால் அந்த முக்கோணம் மேசை போலத்தானே கிடக்கும்? கோடுகள் தூரத் தூரப் போகும் எங்கள் பக்கத்தில் இது மிகக் கூட. அதனால் நிலத்தைப் புள்ளியிலும் மடிப்புக்கோட்டிலும் எழுப்புங்கள். சமவுயரக் கோட்டைக் கடைசியில், படத்தில் காட்டுவதற்கு மட்டும் எடுங்கள்.

இறக்கும்போது கிழக்கு, வடக்கு எண்களையும் பாருங்கள். இலங்கை அளவைக்கான எஸ்.எல்.டி. 99 ஆள்கூற்றுக் கட்டம் பிதுருதலாகலைக்கு 5 இலட்சம், 5 இலட்சம் மீற்றர் என்று கொடுத்து அங்கிருந்து எண்ணுகிறது. ஒட்டுசுட்டான் பக்கம் வடக்கு 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் வரும். படத்தின் பூச்சியப் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் வைத்து வரைந்தால் ஸ்கெச்சப்பில் விளிம்புகள் நடுங்கும். இரண்டு எண்ணிலும் ஒரு முழுத்தொகையைக் கழியுங்கள். எவ்வளவு கழித்தீர்கள் என்பதைப் படத்தின் மூலையிலேயே எழுதி வையுங்கள். உயரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் வரைஞர்:

அக்கா, ஈச்சம் பற்றையேதான். இன்று போய் உள்ளே புகுந்து பார்த்தேன், தலைக்கு மேல் நிற்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி வடிகட்டி, மடிப்புக்கோடு போட்டு, 1,740 புள்ளியில் நிற்கிறேன். வாய்க்கால் துருசிலிருந்து மதகு வரை முறியாமல் வருகிறது. மூலையில் மட்டும் இன்னும் ஓட்டைதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு மட்டையில் ஒரு மாதிரி செய்யவும் கேட்கிறார்கள். அதற்கு எந்த அளவுத்திட்டம் நல்லது?

வவுனியா வரைபலகை:

1:250 எடுங்கள். 1 மில்லிமீற்றர் மட்டை ஒன்று சரியாக 25 சென்ரிமீற்றர் ஆகும். முழுச் சரிவுக்கும் நாலைந்து மட்டை போதும். உயரத்தைக் கூட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள், செய்யாதீர்கள். கட்டடத்தின் படி உயரம் பொய்யாகிவிடும். வாய்க்காலை வெட்டி நீல நூல் ஒட்டுங்கள், வந்திருக்கும் அம்மாமார் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

புதிய பரப்பைப் பழைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? கிளவுட்கொம்பேரிலேயே தூரம் பார்க்கலாம். வெறும் தரையில் 5 சென்ரிமீற்றருக்குள் நின்றால் போதும், ட்ரோன் அளவையே சில சென்ரிமீற்றர் பிசகும். வாய்க்கால் அடியில் அவ்வளவு விடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் வரைஞர்:

பார்த்தேன் அக்கா. தரையில் 4. வாய்க்கால் அடியில் ஓரிடத்தில் 9 வந்தது, அங்கே இன்னும் மூன்று புள்ளி சேர்த்தேன். ஞாயிறு காலை அளவையாளரோடு போகிறோம். பற்றையை வெட்ட ஐயாவும் கத்தியோடு வருகிறார். மூலையின் மட்டங்களோடு துருசின் அடித்தளத்தையும் எடுத்து வருகிறேன்.