ஆயாவை ‘பயஸ்’ என்று எழுதலாமா?

பூக்கடைப் பேத்தி:

ஆயா தவறிப் பத்து நாள் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். நினைவஞ்சலி அட்டைக்கு ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் இங்கிலீஷிலும் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அத்தை பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

தமிழ்ப் பக்கத்தில் ‘தெய்வ பக்தி நிறைந்தவர்’ என்று போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷில் ‘எ வெரி பயஸ் (pious) லேடி’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அத்தை மகன் உடனே போன் செய்து, “என்னக்கா, ஆயாவைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு” என்கிறான். அகராதியில் ‘பக்தியுள்ள’ என்றுதானே இருக்கிறது? டிடிபி கடைத் தம்பி வேறு அதை ‘பியஸ்’ என்று படித்துவிட்டு, ஏதாவது மருந்துப் பெயரா என்று கேட்டான்.

ஆயா மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நாற்பது வருஷம் பூ கட்டி விற்றவர். கபாலிக்கு முதல் முழம் எடுத்து வைக்காமல் யாருக்கும் போணி கிடையாது. பிரதோஷத்தன்று சாயங்காலம், வியாபாரம் சூடாக இருக்கும் நேரம் பார்த்து, கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விடுவார். அறுபத்துமூவர் அன்று அவர் செலவில் ஓர் அண்டா நீர்மோர். இப்படிப்பட்டவருக்கு என்ன சொல் போடுவது? புதன்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தம்புச் செட்டித் தெரு டைப்பிஸ்ட்:

‘பயஸ்’ என்பதுதான் சரியான உச்சரிப்பு, தம்பியிடம் சொல்லிவிடம்மா. உன் அத்தை மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அகராதி பொய் சொல்லவில்லை, ஆனால் தொனியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. நாம் ‘பக்திமான்’ என்றால் மரியாதை. ‘பக்திப் பழம்’ என்றால்? வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதிலும் குற்றம் இல்லை, சொல்லும்போது உதடு கோணிக்கொள்கிறது. ‘பயஸ்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சொல். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்கிற ஆசாமியையும் இங்கிலீஷ்காரன் அதே சொல்லால் இடிப்பான்.

‘டிவௌட்’ (devout) என்ற சொல்லுக்கு அந்தக் கோணல் பெரும்பாலும் கிடையாது. உள்ளே இருக்கிற பிடிப்பைச் சொல்வது அது. ‘டிவௌட் ஹோப்’ என்றால் மனதார வேண்டுவது. ‘பயஸ் ஹோப்’ என்றால் நடக்காது என்று தெரிந்தும் வாயளவில் ஆசைப்படுவது. இந்த ஜோடியை நினைவில் வைத்தால் போதும்.

ஆனால் ‘பயஸ்’ என்ற சொல்லை நான் முதலில் கற்றது கிண்டலாக அல்ல. ஹைகோர்ட் எதிரே வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் டைப் அடித்தவன் நான். ‘பயஸ் ஆப்ளிகேஷன்’ என்று எத்தனை பிளெய்ன்ட் (வழக்கு மனு) அடித்திருப்பேன்! அப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் அப்பன் கரையேற மாட்டான் என்கிற பழைய இந்து சட்டம். அதிலும் சூதாட்டக் கடன், சாராயக் கடன் மகன் தலையில் ஏறாது. 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி மகன் மேல் வழக்குப் போட முடியாது. சொல்லின் வேர் லத்தீன் ‘பியுஸ்’. தெய்வத்துக்கும் பெற்றவர்களுக்கும் ஊருக்கும் செய்ய வேண்டியதைச் செய்கிறவன் என்று பொருள். எரிகிற டிராய் நகரத்திலிருந்து அப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஈனியஸுக்கு ரோமானியர்கள் கொடுத்த அடைமொழி அதுதான். அந்தக் கணக்கில் உன் ஆயா சுத்தமான பயஸ். ஆனால் கனடாக் குழந்தைகள் லத்தீன் பார்த்தா படிக்கப் போகிறார்கள்? ‘டிவௌட்’ போடு. ‘வெரி’ வேண்டாம்.

சாந்தோம் கடலோரம்:

எங்கள் பக்கம் பயஸ் என்பது கிண்டலே இல்லை, போப்பாண்டவர் பெயர்! அந்தப் பெயரில் 12 பேர் இருந்திருக்கிறார்கள். தாத்தா காலத்துத் தமிழில் ‘பத்திநாதர்’ என்பார்கள். பக்தி என்ற பொருளை எடுத்துப் பெயராகவே ஆக்கிவிட்டார்கள் பாருங்கள். எங்கள் சாந்தோம் கோயிலை 1956-இல் பசிலிக்காவாக உயர்த்தியவர் 12-ஆம் பத்திநாதர்தான். இருந்தாலும் டைப்பிஸ்ட் சார் சொல்வதே சரி. என் மாமியார் ஒரு பக்கத்து வீட்டுக்காரரை ‘ரொம்ப பயஸ்’ என்று சொல்லும்போது அவர் புருவம் போகிற உயரத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஐஸ்ஹவுஸ் பாய்:

கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் வீடுகளில் ‘பேணுதலானவர்’ என்றால் பெரிய பாராட்டு. ஐந்து வேளைத் தொழுகை மட்டும் இல்லை. கொடுக்கல் வாங்கல், பேச்சு எல்லாவற்றிலும் கவனமாக இருப்பவர். அதற்கு இங்கிலீஷில் நாங்கள் பயஸ் என்றுதான் எழுதுகிறோம், யாரும் சிரிப்பதில்லை. படிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. உங்கள் அட்டையைப் படிப்பது டொரண்டோ பிள்ளைகள் என்றால் மாற்றிவிடுங்கள், அக்கா. ஆயாவுக்கு என் அஞ்சலி.

மாம்பலம் மணி:

கல்யாணப் பத்திரிகையில் ‘பயஸ் அக்கேஷன்’ என்று போடுகிறவர்களை யாராவது தடுக்கக் கூடாதா? சுபதினத்துக்கு ‘ஆஸ்பிஷஸ்’ இருக்கிறது. முகூர்த்தம் என்ன, பட்டை போட்டுக்கொண்டு சாமி கும்பிடவா போகிறது?

பூக்கடைப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. டைப்பிஸ்ட் ஐயா, ‘டிவௌட்’ என்றே முதலில் மாற்றினேன். படித்துப் பார்த்தால் அது மயிலாப்பூரில் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும் போல இருந்தது. அதனால் அதற்குப் பக்கத்திலேயே பிரதோஷத்துக்குக் கூடையை விட்டுவிட்டுப் போனதை ஒரு வரி சேர்த்தேன். அத்தை மகன் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அழுகிற பொம்மை ஒன்று மட்டும் அனுப்பினான்.

தமிழ்ப் பக்கத்தையும் விடவில்லை. ‘தெய்வ பக்தி நிறைந்தவர்’ போய், ‘கபாலிக்கு முதல் முழம் கொடுத்தவர்’ வந்துவிட்டது. இப்போது அவன், “அக்கா, முழத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்கிறான். அதற்குத் தனித் திரி தொடங்க வேண்டும்.