எரேமியா 29:11ஐ எனக்கென்று எடுத்துக்கொண்டால் அது திருட்டா?

நெல்லைவாசி:
போன வாரம் குடும்ப ஜெபம் பற்றிய இழையில் பெரேயன் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "எரேமியா 29:11ஐத் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்கிறவன் அடுத்தவன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற திருடன்." அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணியடித்ததும், புது வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் அட்டையை வாங்கிப் பேரப்பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லி, வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள் வைத்திருப்பார்கள். இவர்கள் எல்லாரும் திருடர்களா? "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கி "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடிகிற அந்த 29:11 வசனத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். என்னைத் திருடன் என்று சொல்ல இவர் யார்?

பெரேயன்:
ஐயா, கோபப்படுவதற்கு முன்னால் 10ஆம் வசனத்தை வாசியுங்கள். "பாபிலோனில் எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு" என்று இருக்கிறது. இது எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பின கடிதம். யூதாவின் எகொனியா ராஜாவோடு கி.மு. 597ல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதினது. அதில் முதலில் என்ன சொல்லியிருக்கிறது? வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவை. அதாவது உடனே திரும்பி வரமாட்டாய். கடிதம் கையில் கிடைத்தவர்கள் அந்த நல்ல முடிவைப் பார்க்கவே இல்லை, பாபிலோனிலேயே செத்துப் புதைக்கப்பட்டார்கள். உங்கள் அட்டையில் 10ஆம் வசனம் அச்சாகியிருக்கிறதா? இல்லையல்லவா? அதைத்தான் திருட்டு என்றேன்.

தூத்துக்குடி_உப்பு:
ஸ்தோத்திரம். பெரேயன் பிரதர், அப்படியானால் யோசுவாவிடம் சொன்ன வார்த்தையும் எங்களுக்கு இல்லை, அப்படித்தானே? "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவா 1:5ல் யோர்தான் கரையில் ஒரே ஒரு மனுஷனுக்குச் சொன்னது. அதை எபிரெயர் 13:5ல் எடுத்து எல்லா விசுவாசிகளுக்கும் எழுதியிருக்கிறதே. எபிரெயரை எழுதினவரும் அடுத்தவன் கடிதத்தைப் பிரித்தவரா?

பெரேயன்:
சிஸ்டர், எபிரெயர் 13:5ன் முதல் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்று ஆரம்பிக்கிறது. யோசுவாவின் வாக்கை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார்? பண ஆசையை விடச் சொல்வதற்கு. நீங்கள் எரேமியாவை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? விசா வருவதற்கும், வீட்டுக் கடன் கிடைப்பதற்கும். இரண்டும் ஒன்றா? திரும்பவும் சொல்கிறேன்: எழுபது வருஷம். கடிதம் வாங்கினவர்கள் பார்க்கவில்லை. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லைவாசி:
பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்கிறீர்களே, எஸ்றா 3:12 உங்கள் வேதாகமத்தில் இல்லையா? சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்கள் எருசலேமில் புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும்போது, "முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதிர்வயதான" ஆசாரியரும் லேவியரும் அநேகர் மகா சத்தமிட்டு அழுதார்கள். ஆகவே உயிரோடு திரும்பி வந்து கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. அடுத்த வருஷம் யூதர் ஊர் திரும்பலாம் என்ற கட்டளை. அஸ்திபாரம் போட்டது சுமார் 536. 597ல் பத்து வயதுப் பையனாகப் போனவனுக்கு அப்போது எழுபத்தொன்று. எங்கள் ஊரில் எழுபத்தொரு வயதில் பனை ஏறினவர்கள் உண்டு.

பெரேயன்:
அழுதவர்கள் 597ல் போனவர்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆலயம் எரிந்தது 586ல். அப்போது இன்னொரு கூட்டம் போனது. அழுதவர்கள் அந்தக் கூட்டமாக இருக்கலாம். எரேமியாவின் கடிதம் அவர்களுக்கு எழுதப்பட்டதே இல்லை, அது எழுதப்பட்டபோது அவர்கள் இன்னும் எருசலேமில்தான் இருந்தார்கள். அப்புறம் ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன ஆகாய் 2:3ஐயும் பாருங்கள். முந்தின மகிமையைக் கண்டவர்களில் "மீந்திருக்கிறவர்கள் யார்" என்று கேட்கிறார். அநேகர் இருந்தால் அப்படி ஏன் கேட்க வேண்டும்?

நெல்லைவாசி:
597ல் போனவர்களும் அதே ஆலயத்தைப் பார்த்துவிட்டுத்தானே போனார்கள்? அது எரிவதற்குப் பதினொரு வருஷம் முன்னால்! ஆகாய் பேசினது கி.மு. 520ல், எஸ்றா 3 நடந்து பதினாறு வருஷம் கழித்து. அதற்குள் பலர் இறந்திருப்பார்கள். காலத்தைக் குழப்பி வாதத்தை ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

வளைகுடா_வாசகன்:
நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் குவைத்தில் வேலை பார்க்கிறேன். இந்த அதிகாரம் எனக்கு 11ஆம் வசனத்தால் அல்ல, 7ஆம் வசனத்தால் பிடித்தது. "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்." வந்த புதிதில் இந்த ஊரை நான் திட்டாத நாள் இல்லை. வெயில், கபீல் (விசா பொறுப்பாளரான முதலாளி), அறையில் எட்டுப் பேர். எப்போது ஊருக்குப் போவோம் என்றே இருந்தேன். இந்த வசனத்தை வாசித்தபிறகு, நான் வண்டி ஓட்டுகிற தெருக்களுக்காக, எனக்குச் சம்பளம் தருகிற அரபி வீட்டுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். அறையில் இருக்கிற வங்காளப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முன்னால் செய்திருக்கமாட்டேன். வசனத்தை வாழ்க்கைக்கு எடுப்பது என்றால் எனக்கு இதுதான். இரண்டு பேரும் எழுபதை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள்.

பெரேயன்:
தம்பி, நல்லது. ஆனால் நீங்கள் செய்ததும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்று கவனித்தீர்களா? 7ஆம் வசனம் கட்டளை, அதற்குக் கீழ்ப்படிந்தீர்கள். இவர்கள் 7ஐத் தாண்டி 11க்குக் குதிக்கிறார்கள். 5, 6, 7, 8, 9, 10 எல்லாம் எங்கே போயிற்று?

தூத்துக்குடி_உப்பு:
8ஐயும் 9ஐயும் நீங்களே நினைவுபடுத்தினீர்கள், நல்லதாகப் போயிற்று. அங்கே கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி எச்சரிக்கிறார். 28ஆம் அதிகாரத்தில் அனனியா இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான், அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். இரண்டு வருஷம் என்றவன் பொய்யன், எழுபது வருஷம் என்றவர் மெய்யான தீர்க்கதரிசி. அந்த எழுபது வருஷக் காத்திருப்புக்குள்ளேதான் தேவன் நல்ல நினைவு வைத்திருக்கிறேன் என்றார். அதனால்தான் அந்த வசனம் எங்களைப் போல நீண்ட நாள் காத்திருக்கிறவர்களுக்கு ஆறுதல். நாளைக்கே கார் வரும் என்று நான் எப்போது சொன்னேன்? நீங்கள் எங்கள் சபைகளைப் பற்றி மனதில் வைத்திருக்கிற கசப்பை எரேமியாவின் மேல் கொட்டுகிறீர்கள்.

பெரேயன்:
கசப்பா? காரணம் இருக்கிறது சிஸ்டர். என் சொந்தக்கார அம்மா ஒருவர், கணவரை இழந்தவர். ஒரு ஊழியர் இதே 29:11ஐ அவருக்கென்று "தீர்க்கதரிசனமாக" கொடுத்து, "விதை விதைக்க", அதாவது ஆசீர்வாதம் வரும் என்று காணிக்கை கொடுக்கச் சொல்லி, கையில் இருந்த சங்கிலியை வாங்கிக்கொண்டார். மகனுக்கு வேலை வரவில்லை. கேட்டபோது "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்றார்கள். 10ஆம் வசனத்தை அந்த அம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் அந்தச் சங்கிலி இன்றும் கழுத்தில் இருந்திருக்கும். பிசாசும் வசனம் சொன்னான், மத்தேயு 4:6. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திவைத்து, சங்கீதம் 91ஐச் சொல்லி, குதி என்றான். வசனம் சரி, அதை வைத்துச் செய்யச் சொன்ன காரியம் தப்பு.

நெல்லைவாசி:
அந்த அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அந்த ஊழியரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அதற்காக என் பாட்டியின் அட்டையைப் பிசாசின் வசனத்தோடு சேர்த்துவிட்டீர்களே, இது நியாயமா? ரோமர் 15:4 "முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது" என்கிறது. எல்லாம் என்றுதான் இருக்கிறது. எரேமியாவை விட்டுவிட்டு என்று இல்லை.

பெரேயன்:
போதனையாக என்று இருக்கிறது ஐயா. வாக்குத்தத்தமாக என்று இல்லை.

நெல்லைவாசி:
"பொறுமையினாலும் ஆறுதலினாலும் நாம் நம்பிக்கையுள்ளவர்களாகும்படிக்கு" என்று அதே வசனத்தில் இருக்கிறது. பாதியை வெட்டி எடுப்பது நாங்களா நீங்களா?

மெழுகுவர்த்தி:
அட்டையைச் சீட்டுப் போல எடுப்பதே தவறு என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

நெல்லைவாசி:
அது புதிதாக வந்த பழக்கம் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் மொராவிய சபையார் தினத்துக்கு ஒரு வசனம் சீட்டுப்போட்டு எடுத்து 1731 முதல் வருஷா வருஷம் அச்சிடுகிறார்கள். அதே மொராவியர் 1760ல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். நீதிமொழிகள் 16:33 வாசியுங்கள்: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்."

பெரேயன்:
யூதாசின் இடத்துக்குச் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்டதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டு எங்கே வருகிறது? பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு ஒரு இடம் காட்டுங்கள். பழைமையான தப்பும் தப்புதான். கூடவே, சில காலண்டர்களில் வசனத்தைவிடப் போதகரின் படம் பெரிதாக இருக்கிறது. அதையும் மொராவியரிடமா கற்றீர்கள்?

தூத்துக்குடி_உப்பு:
அது எங்களைக் குத்துகிறது என்று எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் தசமபாக இழையிலும் இப்படித்தான். நாங்கள் நகை போடாததைப் பற்றியும் கேலி செய்தீர்கள். நான் மறக்கவில்லை பிரதர்.

பெரேயன்:
கேலி செய்யவில்லை, கேள்வி கேட்டேன். அன்றும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

தூத்துக்குடி_உப்பு:
சொன்னேன். நீங்கள் வாசிக்கவில்லை. பெரேயன் என்று பெயர் வைத்துக்கொண்டால் போதுமா? அப்போஸ்தலர் 17:11ல் பெரேயா பட்டணத்தார் முதலில் "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு" பிறகு ஆராய்ந்தார்கள். உங்களிடம் ஆராய்ச்சி மட்டும் இருக்கிறது.

அமைதி_விரும்பி:
சகோதரரே, சகோதரியே, அன்பாகப் பேசுவோம். தானியேல் 9ஐப் பற்றி யாராவது யோசித்தீர்களா? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், எரேமியாவின் எழுபது வருஷத்தை வாசித்த மனுஷனே அங்கே இருக்கிறார்.

நெல்லைவாசி:
அருமை! தானியேல் எரேமியாவின் புஸ்தகத்தை வாசித்தார், தன் நாளுக்கு எடுத்துக்கொண்டார், ஜெபித்தார். எரேமியாவின் வார்த்தையை வாழ்க்கைக்கு எடுப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெரேயன்:
தானியேலே என் பக்கம்தான். அவர் முதலில் என்ன செய்தார்? வருஷங்களை எண்ணினார்! 9:2ல் எழுபது வருஷம் என்று அறிந்துகொண்டார். அட்டையைக் குலுக்கி எடுக்கவில்லை. அறிந்தபிறகு இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசித்து, "நாங்கள் பாவஞ்செய்து" என்று அறிக்கையிட்டார். டிசம்பர் 31 இரவு அட்டை எடுத்தவர்களில் அப்படி அறிக்கையிட்டவர்களைக் காட்டுங்கள். கேக் வெட்டுகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

மெழுகுவர்த்தி:
எண்ணினால் எழுபது வரவில்லையே? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமுக்கு முதலில் வந்த 605இலிருந்து கோரேஸின் கட்டளை வரை 67தான்.

நெல்லைவாசி:
ஆலயம் எரிந்த 586இலிருந்து புது ஆலயம் கட்டி முடிந்த 516 வரை எண்ணு தம்பி. சரியாக எழுபது.

பெரேயன்:
10ஆம் வசனம் பாபிலோனைப் பற்றிப் பேசுகிறது, ஆலயத்தைப் பற்றி அல்ல. அசீரியாவின் கடைசி ராணுவம் விழுந்த 609இலிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை எண்ண வேண்டும். இதைக்கூடப் பார்க்காமல் இவ்வளவு நேரம் என்னோடு வாதாடினீர்களா?

நெல்லைவாசி:
முதலில் 597 என்று ஆரம்பித்தது நீங்கள்! இப்போது 609க்குப் போய்விட்டீர்கள்.

பெரேயன்:
597 கடிதம் வாங்கினவர்கள் சிறைப்பட்டுப் போன வருஷம், 609 எண்ணிக்கையின் ஆரம்பம். இரண்டும் வேறு. மறுபடியும் மேலே போய் வாசியுங்கள்.

வளைகுடா_வாசகன்:
நான் ஒன்று கேட்கிறேன். பட்டணத்துக்காக ஜெபிக்கிறவர்கள் இங்கே யார் யார்? நீங்கள் இருக்கிற ஊருக்காக, அங்கே இருக்கிற மற்ற மதத்தாருக்காக?

தூத்துக்குடி_உப்பு:
நாங்கள் ஒவ்வொரு வெள்ளியும் உபவாச ஜெபத்தில் ஊருக்காக ஜெபிக்கிறோம் தம்பி. மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு அரிசியும் கொடுக்கிறோம். அட்டையும் எடுக்கிறோம். பெரேயன் பிரதர் எந்த ஊருக்காக ஜெபிக்கிறார் என்று அவரிடம் கேளுங்கள்.

பெரேயன்:
என் ஜெப அறையைப் பற்றி இங்கே எழுத மத்தேயு 6:6 எனக்கு இடம் கொடுக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள். எஸ்றா 3:12ல் அழுதவர்கள் 597ல் போனவர்கள் என்பதற்கு ஒரு வசனம். ஒன்றே ஒன்று. யாராவது காட்டுங்கள்.

நெல்லைவாசி:
அவர்கள் 597ல் போனவர்கள் இல்லை என்பதற்கு நீங்கள் ஒரு வசனம் காட்டுங்கள்.

பெரேயன்:
உரிமை கோருகிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் ஐயா. நான் எதையும் எனக்கென்று கோரவில்லை.

தூத்துக்குடி_உப்பு:
பெரேயன் பிரதர், 2 கொரிந்தியர் 1:20ஐ வாசித்துவிட்டு வாருங்கள், எல்லா வாக்குத்தத்தங்களும் கிறிஸ்துவுக்குள் ஆம், ஆமென் என்று. அப்புறம் தசமபாக இழையில் நான் போட்ட பதிலையும் தேடி வாசியுங்கள். நாளைக்கு அதற்கும் சேர்த்து எழுதுகிறேன்.