ஷேல் கட்டிங்ஸ்: டிமேக்ஸ் 428, விட்ரினைட் 1.5. எதை நம்புவது?

கேள்வி:
கரிமம் செறிந்த ஷேல் (களிமண் படிவுப் பாறை), ஆயில் பேஸ் மட் (எண்ணெய் கலந்த துளைச் சேறு) ஓட்டிய கிணறு, மாதிரி துளையிடும்போது மேலே வந்த பாறைத் துணுக்குகள் (கட்டிங்ஸ்). ராக்-இவாலில் (பாறையைச் சூடேற்றி அளக்கும் சோதனை) டி.ஓ.சி. (மொத்தக் கரிமக் கார்பன்) 3.8%, எஸ்1 (ஏற்கனவே இருக்கும் எண்ணெய்) 2.4, எஸ்2 (பாறையின் திடக் கரிமமான கெரோஜன் சூட்டில் உடைந்து வருவது) 0.9 (மி.கி./கிராம்), டிமேக்ஸ் (எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலை) 428°செ. விட்ரினைட் ஒளித்திருப்பமோ (தாவரக் கரிமத் துகள் ஒளியைப் பிரதிபலிக்கும் அளவு, பாறை வெந்த அளவுக்குக் கூடும்) 1.5%. ஒன்று எண்ணெய் உருவாகவே தொடங்கவில்லை என்கிறது, மற்றொன்று வாயு மண்டலம் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1:
டிமேக்ஸை ஒதுக்குங்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள பார்னெட் ஷேலில் புழங்கும் சூத்திரத்தில் (0.018 × டிமேக்ஸ் − 7.16) போட்டால் விட்ரினைட் 0.54% என்று வருகிறது. அவ்வளவு இளம் பாறை என்றால் ஹைட்ரஜன் குறியீடு (எஸ்2 ÷ டி.ஓ.சி. × 100) நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். பார்னெட்டில் 400-ஐ ஒட்டி இருக்கும். உங்களுடையது 0.9 ÷ 3.8 × 100, அதாவது 24. வெந்து தீர்ந்த கெரோஜனின் எண் இது. எஸ்1 ஆனது எஸ்2-ஐ விட இரண்டரை மடங்குக்கு மேல் இருப்பதே மட் எண்ணெய் ஏறியிருப்பதற்கு அடையாளம். அதன் கனமான பகுதி 300 டிகிரியில் முழுதாக வெளியேறாமல் எஸ்2-க்குள் வழிந்து, உச்சியை இடப்பக்கம் இழுத்துவிடும். எண்ணை விட்டு எஸ்2 வரைபடத்தைப் பாருங்கள்: ஒற்றை மணி வடிவம் இல்லாமல் இடப்புறம் ஒரு தோள் தெரியும்.

மாதிரியைப் பொடித்து, டைகுளோரோமீத்தேன் கரைப்பானில் சாக்ஸ்லெட் (கரைப்பானைச் சுழற்றிக் கழுவும் கருவி) வைத்து, கரைப்பான் நிறமில்லாமல் இறங்கும் வரை கழுவுங்கள். நன்றாக உலர்த்துங்கள், கரைப்பான் மிஞ்சினால் அதுவே எஸ்1 ஆகிவிடும். பிறகு மறுபடி ஓட்டுங்கள். எஸ்2 0.2-க்குக் கீழே போனால் புது டிமேக்ஸும் வேண்டாம். டி.ஓ.சி.யையும் கழுவிய மாதிரியிலேயே எடுங்கள், 3.8-இல் கொஞ்சம் மட்டின் கணக்கு.

பதில் 2:
1.5-ஐயும் சராசரியாக மட்டும் வாங்காதீர்கள், எத்தனை துகள் அளந்தார்கள், பரவல் எப்படி என்று கேளுங்கள். கடல்சார் ஷேலில் விட்ரினைட் அரிது. திட பிட்யூமனை (இறுகிய தார் போன்ற பொருள்) அளந்துவிட்டு விட்ரினைட் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அப்படியானால், பிட்யூமன் அளவை விட்ரினைட் அளவாக மாற்றும் யாக்கோப் சூத்திரப்படி 0.618 × 1.5 + 0.40 = 1.33%. வாயு மண்டலம்தான், ஆனால் வாசலில். மேலே நிலக்கரி அடுக்கு இருந்தால் அங்கிருந்து இடிந்து விழுந்த துகளும் கலந்திருக்கும். அது பரவலில் தனிக் குவியலாக, குறைந்த மதிப்பில் நிற்கும்.

பதில் 3:
இத்துடன் எக்ஸ்ஆர்டிக்கும் (கனிமங்களை அளக்கும் எக்ஸ்-கதிர் சோதனை) சேர்த்து அனுப்புங்கள். பார்னெட்டில் வாயு தந்த பகுதியில் குவார்ட்ஸ் சுமார் 45%, களிமண் 27%. களிமண் பாதியைத் தாண்டினால் முதிர்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாயு எடுக்கப் பாறையில் உண்டாக்கும் பிளவு திறந்து நிற்காது, அதைத் தாங்கச் செலுத்தும் மணல் பாறையின் உள்ளே புதைந்துவிடும்.