துத்தநாக ஆக்சைடு வில்லையில் கண்ட ஒளி, காணாத ஒளி

தக்கலையிலிருந்து:

கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் பொருள்களைப் பற்றிய முதுகலை ஆய்வுத் திட்டத்துக்காக நாகர்கோவிலில் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் செய்தேன். தூளை அகேட் கல்வத்தில் அரைத்து, அழுத்தி வட்டமாக்கி, 1100 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். சூளையைச் சற்றுச் சூடாகவே திறந்தால் வில்லை எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். ஆற ஆற வெளுத்துவிடும். அந்த நிறமாற்றத்தைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

அறையை இருட்டாக்கி 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டியதும் வில்லை பச்சையாக ஒளிர்ந்தது. நாங்கள் எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டோம். பேராசிரியை மட்டும், "இது படிகத்தின் குறைகள் தரும் வெளிச்சம்மா. உனக்கு வேண்டியது இதற்கு முன்பே வந்து போய்விட்டது" என்றார்.

நிறமாலை வரைபடம் வந்தபோதுதான் புரிந்தது. 380 நானோமீட்டரை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில், ஒல்லியான ஒரு முகடு. 500க்கு அப்பால் அகன்று பரந்த பச்சை மேடு. முதலாவது, எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) இணைந்து மறையும்போது பிறப்பது. அந்த இணையின் பிணைப்பாற்றல் சுமார் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால் நம்மூர் வெப்பத்திலும் அது எளிதில் சிதறுவதில்லை. காலியம் என்ற உலோகம் சிறிது சேர்த்த துத்தநாக ஆக்சைடில் இந்த ஒளி ஒரு நானோ விநாடிக்குள்ளேயே அடங்கிவிடும். பச்சையோ மைக்ரோ விநாடிக் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஆக்சிஜன் வெற்றிடங்களே (படிகத்தில் அணு இல்லாமல் விடுபட்ட இடங்கள்) காரணம் என்கிறார்கள் பலர். துத்தநாக வெற்றிடம், செம்பு மாசு என்கிறார்கள் வேறு சிலர். வாதம் இன்னும் தீரவில்லை. காலியம் சேர்த்து ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கினால் பச்சை அடங்கி ஊதா முகடு ஓங்கும். கதிர்வீச்சை எண்ணுபவர்கள் தேடுவது அதைத்தான்.

மணவாளக்குறிச்சியிலிருந்து:

தக்கலை அக்கா சொல்வது சரி என்பதை வேறு வழியில் கண்டேன். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்ட மோனசைட் என்ற கனிமம் எங்கள் கடற்கரை மணலில் இருக்கிறது. அதிலுள்ள கதிரியக்கத் தோரியம்தான் அந்தக் காலத்தில் வாயு விளக்குகளின் மேண்டிலுக்கு, அதாவது சுடரில் சூடேறி ஒளிரும் வலைக்கு, போனது. எங்கள் வீட்டு பெட்ரோமாக்ஸ் பெட்டியிலிருந்த பழைய மேண்டில் ஒன்றை, நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் துத்தநாக சல்பைடு திரைக்கு அருகே வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்கிய பிறகு, உருப்பெருக்கியின் கீழ் சிறுசிறு பொறிகள் அங்குமிங்கும் மின்னி மறைந்தன. ஒவ்வொரு பொறியும் ஓர் ஆல்பா துகளின் மோதல். 1903இல் ஆங்கிலேய அறிவியலாளர் குரூக்ஸ் கண்ட காட்சியும் இதுதான்.

திரையை எடுத்துவிட்டுக் காலியம் சேர்த்த துத்தநாக ஆக்சைடு வில்லையை வைத்தேன். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அதே வில்லையை, மங்கிய ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாயின் முன் பொருத்தியதும், அந்தத் துடிப்பை வரைந்து காட்டும் அலைநோக்கியின் திரையில் ஊசி போன்ற துடிப்புகள் வரிசையாக எழுந்தன. நியூட்ரான் உற்பத்திக் கருவிகளில் இந்த வேகம்தான் உதவுகிறது: ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது நியூட்ரான் ஒரு பக்கமும் ஆல்பா எதிர்ப்பக்கமும் பாயும், ஆல்பா பிடிபட்ட இடமும் நேரமும் நியூட்ரான் போன திசையையும் புறப்பட்ட கணத்தையும் சொல்லிவிடும்.

வீட்டில் முயல நினைப்பவர்களுக்கு: எரித்த மேண்டில் தொட்டாலே பொடியாகும். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

குளச்சலிலிருந்து:

அண்ணா, இதே வில்லையைத் தடிமனாகச் செய்து காமா கதிரை அளக்க முடியுமா?

மணவாளக்குறிச்சியிலிருந்து:

கடினம் தம்பி. துத்தநாகத்தின் அணு எண் 30தான். காமாவை நிறுத்த அது போதாது. தடிமன் கூடக் கூட வில்லை தன் ஊதா ஒளியைத் தானே விழுங்கும். வில்லையிலுள்ள நுண்படிக மணிகளின் எல்லைகளில் ஒளி சிதறி வெளியே வராமலும் போகும். ஆல்பா சில பத்து மைக்ரான்களுக்குள் நின்றுவிடுவதால் அதற்கு மெல்லிய அடுக்கே போதும். காமாவுக்கு சோடியம் அயோடைடு படிகத்தைக் கேட்டு வாங்கு.