இன்ஜினியரிங் பவுண்டேஷன்: படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான், கணிதம், இயற்பியல் இரண்டிலும் ஏ. இங்கிலாந்தில் மெக்கானிக்கல் படிக்க ஆசை. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) இல்லாததால் முதலில் ஒரு வருடம் பவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பு, அப்புறம்தான் மூன்று வருட டிகிரியாம்.

ஏஜென்ட் தந்த புத்தகத்தில் கட்டணத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார். பவுண்டேஷனில் மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் பயம்.

அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். விசாவுக்குப் பணம் 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருக்க வேண்டுமாம். கடன் வாங்கிய பணத்தைக் காட்டலாமா?

நாடுகள் ஒன்றின் இன்ஜினியரிங் டிகிரியை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் இருக்கிறது, சரி. ஆனால் நாங்கள் பார்க்கும் டிகிரிக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று எங்கே சரிபார்ப்பது? பிள்ளையை அனுப்பிய அக்கா, அண்ணன்மார் சொல்லுங்களேன்.