அப்பத்தாவின் மஞ்சப்பையில் பதினோரு மாத்திரைகள்

நான் மருந்தாளுநர். அழகர்கோவில் ரோட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு போய், அங்கே இருப்பவர்களின் மாத்திரைகளைச் சரிபார்ப்பேன். அமெரிக்காவில் இந்த வேலையை மருந்தாளுநர் மாதம் ஒரு முறையாவது செய்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே நாமாகப் போனால்தான் உண்டு.

போன வருடம் பார்த்த ஒரு அப்பத்தாவை மறக்க முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம், வயது 82. மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். பதினோரு விதம். பாதி அட்டைகள் கத்தரியால் நறுக்கியவை. மருந்தின் பெயரும் தேதியும் கடையிலேயே தங்கிவிட்டன. "வெள்ளை காலையில, ரோசு ராத்திரிக்கு. அம்புட்டுத்தேன் தெரியும் ஆத்தா" என்றார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கி, காபி சேலையில் சிந்தியது. நடுக்குவாதம் என்று அதற்கும் ஒரு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள்.

பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கியபோதுதான் பிடிபட்டது. பிரஷருக்கு அம்லோடிபின் 10 மி.கி. அதில் கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அந்த வகை வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வடியாது. எழுந்து நின்றால் தலை சுற்றியதுதான் மிச்சம். தலைசுற்றலுக்குச் சின்னாரிசின். அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வரலாம். எழுதியவர்கள் நாலு டாக்டர்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், எல்லாச் சீட்டையும் ஒருசேர அவர்களிடம் யாரும் காட்டவே இல்லை. ஆனால் பெரியவர்களுக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நானாக எதையும் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். சின்னாரிசினை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையை மாற்றினார், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்தார்.

அதே இல்லத்தில் ஒரு தாத்தா விடியற்காலையில் உளறுவார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பாடு, சர்க்கரைக்கோ கிளிபென்கிளமைடு, சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிடும் மாத்திரை. விடியற்காலையில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52, உளற வைக்கும் அளவுக்குக் குறைவு! மாத்திரையை மாற்றியதும் உளறல் நின்றது.

அப்பத்தாவுக்கு நடுக்கம் நிற்க மூன்று மாதம் ஆனது. அதற்கடுத்த முறை நான் போனபோது, அவரே காபியை ஆற்றி, சிந்தாமல் என் கையில் கொடுத்தார்.