பின்னி தாத்தா குடும்பம் (வாட்ஸ்அப் குழு): மொட்டைமாடி விவகாரம்

புதன், காலை 7:40

குமார் சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி, சனி இரண்டு நாள் நம் வியாசர்பாடி வீட்டு மொட்டைமாடியை சீரியல் ஷூட்டிங்குக்குக் கேட்கிறார்கள். நாளுக்குப் பத்தாயிரம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கோமதி அத்தை: எந்த சீரியல்???

கோமதி அத்தை: ஹீரோயின் வருவாளா

விமலா சித்தி: சனிக்கிழமை மாமாவுக்குத் திதி. ஞாபகம் இருக்கிறதா இல்லையா

குமார் சித்தப்பா: திதி காலையில் முடிந்துவிடும். இவர்கள் மதியம்தான் வருவார்கள்.

செல்வம் பெரியப்பா: மாடி யாருடையது என்று முதலில் பேசிவிடலாமா.

லோகு: ஆரம்பம்

குமார் சித்தப்பா: அண்ணா, அது 2009லேயே பேசி முடித்தது.

செல்வம் பெரியப்பா: பேசினோம். முடிக்கவில்லை. பின்னி மில் மூடிய வருடம், 1996இல், அப்பா கடன் வாங்கிப் போட்ட மாடி. கடனை அடைத்தது யார்?

கோமதி அத்தை: என்ன சீன் குமார், அதைச் சொல்லு

குமார் சித்தப்பா: ஹீரோயினுடைய தம்பி கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிடுகிறான். மாடியில் கஞ்சா விற்கிற கும்பலோடு உட்கார்ந்திருக்கிறான். ஹீரோ வந்து நாலு அறை விட்டு இழுத்துக்கொண்டு போகிறார். பின்னால் நிற்க நம் தெருப் பையன்கள் பத்துப் பேர் வேண்டுமாம். ஆளுக்கு 800. சாப்பாடு உண்டு.

லோகு: நான் ரெடி. பிரகாஷ் அண்ணன் டீமையே கூட்டிவரலாம்

பிரகாஷ்: முடியாது. சனிக்கிழமை முல்லை நகர் மைதானத்தில் மேட்ச்.

பிரகாஷ்: மேட்ச் இல்லாவிட்டாலும் முடியாது.

குமார் சித்தப்பா: சும்மா நிற்பதற்குத்தானே பணம்

பிரகாஷ்: கையில் என்ன கொடுப்பார்கள்?

குமார் சித்தப்பா: அட்டைக் கத்தி

பிரகாஷ்: அதான்.

செல்வம் பெரியப்பா: டிவியில் நம் தெருப் பையன் என்றால் ஏன் கையில் கத்தி என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975இல் வந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் பார்க்க டிவி இருந்த ஒரே வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். அதில் நம் தெரு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 1993இல் சன் டிவி. 2006இல் விஜய் டிவியில் ‘கனா காணும் காலங்கள்’ வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தே தினத்தொடர் ஓட்டலாம் என்று காட்டினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு ஸ்கூலுக்கு ஓடுகிற பிள்ளையை நான் அதில் பார்த்ததில்லை. இன்னொன்று. சீரியல் என்றால் தினம் அரை மணி நேரம் காட்ட வேண்டும். வளசரவாக்கம், போரூர் பக்கம் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து கூடம், சமையலறை, மாடிப்படி என்று எடுத்துத் தள்ளினால்தான் கட்டுப்படியாகும். தெருவுக்குக் கேமரா வருவது கடத்தலுக்கும் கத்திக்குத்துக்கும்தான். அதனால் வீட்டுக்குள் இருக்கிறவன் நல்லவன், தெருவில் நிற்கிறவன் கெட்டவன் என்று ஆகிப்போகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. எல்லாம் வாடகைக் கணக்கு.

லோகு: பெரியப்பா கட்டுரை பார்ட் 1

கோமதி அத்தை: கண்ணாடி இல்லை, அப்புறம் படிக்கிறேன்

கோமதி அத்தை: ‘சிறகடிக்க ஆசை’யில் மீனா தம்பி சத்யாவும் இப்படித்தான். காலேஜ் படிக்கிற பையன், வட்டிக்காரனோடு சேர்ந்து கெட்டுப்போனான். முத்து அவன் கையை உடைத்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திவ்யா: அத்தை, அந்த முத்துவே கார் ஓட்டுகிறவர்தானே. மீனா பூ கட்டுகிறவள். அவர்களை நல்லவர்களாகக் காட்டியதால்தான் நானும் பார்த்தேன். ஆனால் வம்பு இழுக்க ஒரு தம்பி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

திவ்யா: பாஷையைக் கவனித்திருக்கிறீர்களா? குடும்பத்துப் பிள்ளை “என்னம்மா சொல்றீங்க” என்பான். “இன்னாபா” என்று சொன்னால் ஒன்று ரவுடி, இல்லாவிட்டால் சிரிப்புக்கு.

லோகு: நீ ஆபீஸில் பெரம்பூர் என்றுதானே சொல்லிக்கொள்கிறாய்

திவ்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: ஆமாம், சொல்கிறேன். முதல் வருஷம் வியாசர்பாடி என்றுதான் சொன்னேன். “பயமாக இல்லையா” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அலுத்துவிட்டது.

விமலா சித்தி: பிரகாஷுக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலும் இதே கேள்விதான்

பிரகாஷ்: சித்தி, அதை விடுங்கள்.

கோமதி அத்தை: அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா

பிரகாஷ்: அத்தை!!

செல்வம் பெரியப்பா: இளவழகி 2008இல் பிரான்ஸில் கேரம் உலகப் பட்டம் வென்றாரே, அவரும் வியாசர்பாடிதான். சென்னையின் எஃப்சிக்கு ஆடிய தனபால் கணேஷும் இங்கே பந்து உதைத்த பையன்தான். காசிமேடு பக்கத்து காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரமில் மூன்று தங்கம் வாங்கினார், ஆட்டோ ஓட்டுநர் மகள். இப்படி ஒரு பிள்ளையை வைத்து எட்டரை மணி சீரியல் எடுக்கட்டுமே.

லோகு: கேரம் போர்டு முன்னால் யார் யாரை அறைவது? வியாழக்கிழமை டிஆர்பி வரும்போது என்ன செய்வார்கள்

கோமதி அத்தை: திதிக்கு வாழைக்காய் யார் வாங்குகிறீர்கள்

விமலா சித்தி: நான். இலை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள் அண்ணி

கோமதி அத்தை: கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா? போன தடவை ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டார்

லோகு: பிரகாஷ் அண்ணா, உனக்கு வேண்டாம் என்றால் சரி. பசங்களுக்கும் சேர்த்து ஏன் வேண்டாம் என்கிறாய்? சனி, ஞாயிறு மழையில் டெலிவரி ஓட்டினால் எனக்குக் கிடைப்பதும் அதே 800தான்.

பிரகாஷ்: என் டீமில் நாலு பேர் அம்பேத்கர் காலேஜ். ஒருவன் ரயில்வே பரீட்சைக்குப் படிக்கிறான். கத்தியோடு நிற்கிற படத்தை எவனாவது வெட்டிப் போட்டால்?

லோகு: பின்னால் நிற்கிறவன் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்

பிரகாஷ்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரே ஒரு வசனம் கொடுக்கச் சொல்லு. பத்துப் பேரையும் நானே கூட்டிவருகிறேன்.

குமார் சித்தப்பா: இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்

மாலை 5:15

குமார் சித்தப்பா: கேட்டேன். வசனம் பேசுகிற பையன்கள் வளசரவாக்கத்திலிருந்து வேனில் வருகிறார்களாம்.

குமார் சித்தப்பா: ஆனால் அவர்களுக்கு நம் பாஷை வரவில்லை. சொல்லிக்கொடுக்க நம் பையன் ஒருவன் வேண்டும் என்கிறார்கள். 500.

திவ்யா: நிஜமாகவா

பிரகாஷ்: லோகு, இன்னாபா சொல்ற?

லோகு: யோசிக்கிறேன்

செல்வம் பெரியப்பா: கட்டுரை பார்ட் 2 எழுதவா?

விமலா சித்தி: வேண்டாம். ஆயா என் போனில் பேசியிருக்கிறார்கள். கேளுங்கள்

விமலா சித்தி: குரல் பதிவு 0:11

செல்வம் பெரியப்பா: எனக்கு இங்கே சத்தம் கேட்கவில்லை. அம்மா என்ன சொல்கிறார்கள்?

விமலா சித்தி: மாடியில் வடகம் காய்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒரு பயல் ஏறக் கூடாதாம்

குமார் சித்தப்பா: மேனேஜரிடம் நாளைக் காலையில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வடகத்தை ஓரமாக நகர்த்தலாமே

செல்வம் பெரியப்பா: யார் பக்கத்து ஓரம்?

கோமதி அத்தை: எந்த சீரியல் என்று இன்னும் சொல்லவில்லை குமார்